லிட்மஸும் பீரங்கியும்

எனக்குக் கெமிஸ்ட்ரி இல்லை என்று ஒரு மனிதர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதையும் என் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே நின்று, என் மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். பக்கத்தில் ஒரு குடுவை நிறைய சோப்புக் கரைசல் இருந்தது. அவருடைய நல்ல நேரம், நான் அதைக் கையில் எடுக்கவில்லை.

நாங்கள் கை கழுவும் திரவ சோப்பு தயாரிக்கிறோம். பாட்டிலின் தலையை அழுத்தினால் உள்ளங்கையில் வந்து உட்காருமே, அது. அந்தத் தொழிற்சாலையில் நான் கெமிஸ்ட். கல்லூரியில் வேதியியல் படித்து, மேற்படிப்பும் அதிலேயே முடித்து, கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்தேன். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள், நான் இன்னும் இங்கேதான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் அது இல்லையாம்.

சொன்னவர் முதலாளியம்மா வரவழைத்த பயிற்சியாளர். வேலை செய்யும் இடத்தில் மனிதர்களுக்குள் உறவு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வது அவர் தொழில். ஒரு வாரம் எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். பிறகு எங்கள் பெயர்களை வட்டம் வட்டமாக எழுதி, ஒத்துப்போகிறவர்களுக்கு நடுவில் பச்சைக் கோடும், ஒத்துப்போகாதவர்களுக்கு நடுவில் சிவப்புக் கோடும் போட்டுச் சுவரில் ஒட்டினார். எனக்கும் கலவைக்கூடத்துப் பொறுப்பாளருக்கும் நடுவில் இருந்த சிவப்புக் கோட்டை இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தார்.

அந்தப் பொறுப்பாளருக்குப் பாக்கிங் பெண்கள் வைத்த பெயர் பீரங்கி. அவர் வாயைத் திறந்தால் கிடங்கில் இருக்கிறவன் கூடத் திரும்பிப் பார்ப்பான். எனக்கு அவர்கள் வைத்த பெயர் லிட்மஸ். கோபம் வந்தால், அமிலம் பட்ட லிட்மஸ் தாள் மாதிரி என் முகம் உடனே சிவந்துவிடுகிறதாம். சாதாரண நாளில் அவர் என்னை "ஏம்மா" என்பார், நான் அவரை "அண்ணே" என்பேன். சண்டை என்று வந்துவிட்டால் நான் மேடம், அவர் சார். நாங்கள் மேடமும் சாருமாக இருந்த நாட்கள்தான் அதிகம்.

சண்டை எதற்கு என்று கேட்டால், உப்புக்கு. இந்தச் சோப்பைக் கெட்டியாக்குவது சமையலறையில் இருக்கிற அதே சாதாரண உப்புதான். கரைசலில் உப்பு ஏற ஏறச் சோப்பு கெட்டியாகிக்கொண்டே போகும். ஓர் இடத்தில் உச்சிக்கு வந்து நிற்கும். அதற்கு மேலும் உப்பைப் போட்டால் மறுபக்கம் சரிந்து நீர்த்துவிடும். மேட்டில் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரியாமல் உப்பு போடுகிறவர் தொலைந்தார்.

தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து, ஆறவைத்து, என் கருவியில் பார்த்துத்தான் எவ்வளவு கெட்டி என்று சொல்வேன். சூடாக இருக்கும்போது எந்தச் சோப்பும் நீர்த்துத்தான் தெரியும். பீரங்கிக்கு இதெல்லாம் வீண் வேலை. தொட்டிக்குள் கலக்கி சுற்றும்போது நடுவில் ஒரு சுழி விழும். நீர்த்த சோப்பில் அது ஆழமாக இறங்கிக் கலக்கியின் தண்டு தெரியும். கெட்டியானால் சுழி மேலே ஏறி மூடிக்கொள்ளும். அதைப் பார்த்தே சொல்லிவிடலாம், உங்க மெஷின் எதுக்கு என்பது அவர் கட்சி. சுழியைப் பார்த்து எண் சொல்லத் தெரியுமா என்பது என் கட்சி. சூடான மாதிரியைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு அங்கேயே நின்று கத்துவார். ஆறட்டும் என்று நான் கத்துவேன். இப்படித்தான் இத்தனை வருஷமாக இந்தக் கம்பெனியின் சோப்பு தயாராகிக்கொண்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா நல்ல வேலைக்காரங்கதான். சேர்ந்தா ஒத்து வரல. சுருக்கமா சொன்னா உங்களுக்குள்ள கெமிஸ்ட்ரி இல்ல மேடம்," என்றார் பயிற்சியாளர்.

"கெமிஸ்ட்ரின்னா என்னங்க?"

அவர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததா. ஒருத்தரைப் பார்த்தா மனசுக்கு இதமா இருக்கணும். பேச்சு அப்படியே இழைஞ்சு வரணும். உரசலே இருக்கக் கூடாது."

"நான் படிச்ச கெமிஸ்ட்ரில, ரெண்டு பொருள் பக்கத்துல பக்கத்துல இதமா உட்கார்ந்திருந்தா அங்க ஒண்ணுமே நடக்கலைன்னு அர்த்தம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் முதலாளியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல மனுஷி, ஆனால் யாராவது வரைபடம் போட்டுக் காட்டினால் நம்பிவிடுவார். ஒரு மாதம் பார்ப்பாராம். அதற்குள் நாங்கள் ஒத்துப்போகாவிட்டால் என்னைத் தலைமை அலுவலகத்தில் ஒரு மேசைக்கு மாற்றிவிட்டு, ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு, மாதிரிகளை வெளியே அனுப்பிப் பரிசோதித்துக்கொள்வாராம். பீரங்கியை மாற்ற முடியாது, தொட்டியை ஓட்ட வேறு ஆள் இல்லை.

பயிற்சியாளர் எங்களுக்கு ஒரே ஒரு விதி தந்தார். "அவங்க என்ன சொன்னாலும் முதல்ல சரின்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க கருத்த அமைதியா சொல்லுங்க." விதி நன்றாகத்தான் இருந்தது. முதல் பாதியோடு நாங்கள் நிறுத்திக்கொள்வோம் என்று அவருக்கு மட்டுமில்லை, எங்களுக்கே தெரியாது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால் மகள் கைபேசியில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்த ஜோடிக்கு கெமிஸ்ட்ரி சும்மா அள்ளுதும்மா," என்றாள்.

"என்ன அள்ளுது? நல்லா வாரிக்கொட்டு," என்று சீறினேன். அவள் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். பஸ் ஓட்டுகிற என் கணவர் அன்றைக்கு விடுப்பில் இருந்தார், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அந்த அறைக்குள் நுழைந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்ட பிறகுதான் நான் நானாக இருக்கிறேன். அதை விட்டுவிட்டு ஒரு மேசையில் உட்கார்ந்து கோப்புகளைத் தள்ளிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அழுகையை வெங்காயத்தின் மேல் போட்டுச் சமாளித்தேன்.

"லேபு போச்சுன்னா நீ வீட்ல எங்க ரெண்டு பேரையும் வெச்சுத்தான் ஆராய்ச்சி பண்ணுவே. எங்களைக் காப்பாத்தவாவது ஒரு மாசம் வாயைக் கட்டிட்டு இரும்மா," என்றார் கணவர்.

கட்டினேன். காலையில் "வணக்கம் சார்" என்பேன். "வணக்கம் மேடம்" என்பார். கொஞ்சம் உப்பு சேர்க்கலாம் சார் என்பேன். சரிங்க மேடம் என்பார். நாளைக்கு வெள்ளைப் பாட்டில் முதலில் போடலாமா மேடம் என்பார். சரிங்க சார் என்பேன். இரண்டு பேரும் பல்லைக் காட்டிக் காட்டித் தாடை வலித்ததுதான் மிச்சம். பாக்கிங் பெண்களில் மூத்தவள் ஒருநாள் கதவோரம் வந்து நின்றாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா மேடம்? ரெண்டு பேர் சத்தமும் இல்லாம எங்களுக்கு வேலையே ஓடல," என்றாள். பயிற்சியாளர் மட்டும் நடுவில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் பூரித்துப் போனார்.

மாதம் முடிகிற சமயத்தில் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு மருத்துவமனைக் குழுமம் தன் எல்லாக் கிளைகளுக்கும் எங்கள் சோப்பைக் கேட்டது. முதல் லோடு நன்றாக இருந்தால் தொடர்ந்து வாங்குவார்கள். சோப்பு தயாரித்த மறுநாளே லாரி வருவதாக ஏற்பாடு. தயாரிக்கிற அன்றைக்குப் பிற்பகலே பயிற்சியாளர் எங்களைப் பற்றி முதலாளியம்மாவிடம் கடைசி முடிவு சொல்ல வருவதாகவும் ஏற்பாடு.

அன்று காலையில் பெரிய தொட்டி முழுக்கச் சோப்புக் கரைசல் தயார். முதல் உப்பு போட்டார்கள். பீரங்கி மாதிரியைக் கொண்டுவந்தார், ஆவி பறந்தது. வழக்கமாக இருந்தால் ஆறட்டும் சார் என்று நான் குரலை உயர்த்தியிருப்பேன். இன்றைக்குப் போய் ஏன் வம்பு என்று பேருக்குக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கருவியில் வைத்தேன். நீர்த்துத்தான் காட்டியது. "இன்னும் கொஞ்சம் உப்பு சேர்க்கலாம் சார்." "சரிங்க மேடம்." இரண்டாவது மாதிரி வந்தது. அதுவும் சூடு, அதுவும் நீர்ப்பு. "இன்னொரு தடவை சேர்க்கலாம் சார்." ஒரு விநாடி அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு "சரிங்க மேடம்" என்றார். அவர் கத்தவில்லை என்றால் தொட்டியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றுதானே அர்த்தம். நானும் நிம்மதியாக என் மற்ற வேலையைப் பார்த்தேன்.

மூன்றாவது மாதிரியைச் சாய்த்தேன். தண்ணீராக ஓடியது. தண்ணீராவது தெளிவாக இருக்கும், இது கலங்கி வேறு இருந்தது. மேட்டைத் தாண்டி மறுபக்கத்தின் அடிவாரத்துக்கே வந்துவிட்டோம். மருத்துவமனைக்குப் போக வேண்டிய முழுத் தொட்டியும் பாழ். ஆய்வுக்கூடத்தைப் பூட்டுவதற்கு இதைவிட நல்ல காரணம் யாருக்கும் கிடைக்காது, அதையும் நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

கோட்டைக் கூடக் கழற்றாமல் கலவைக்கூடத்துக்கு ஓடினேன். பீரங்கி தொட்டியின் மேல்படியில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துக் கிடந்தது.

"சார், ரெண்டாவது உப்பு போட்டப்ப சுழி என்ன ஆச்சு?"

"இறங்குச்சு மேடம்."

"எவ்வளவு?"

"தண்டு தெரியற அளவு."

"அதைக் கண்ணால பார்த்துட்டு மூணாவது தடவையும் போட்டீங்களா?"

"நீங்க போடச் சொன்னீங்க, நான் சரின்னேன். அதானே இப்ப சட்டம்."

"இத்தனை வருஷத்துல நான் சொன்ன ஒண்ணுக்காவது சரின்னு சொல்லியிருக்கீங்களா சார்? இன்னைக்குப் பார்த்துத்தான் உங்களுக்கு அந்த வார்த்தை வாயில வந்துச்சா?"

அவ்வளவுதான், பீரங்கி வெடித்தது. "நீங்க மட்டும் என்ன கிழிச்சீங்க மேடம்? சூடா கொண்டு வந்தா உயிர எடுப்பீங்களே, ஆறட்டும் ஆறட்டும்னு. இன்னைக்கு ஆற வெச்சீங்களா? முதல் உப்புக்கே சுழி அழகா மேல ஏறி வந்துச்சு. அப்பவே இது முடிஞ்சு போச்சேன்னு நினைச்சேன். நீங்க இன்னும் போடுன்னீங்க. படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வாயை மூடிட்டேன்."

"நீங்களும் படிச்சவர்தானே, டிப்ளமோவை எங்க தொலைச்சீங்க?"

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. முதல் உப்பிலேயே சோப்பு சரியாக இருந்திருக்கிறது. நான் அவரைக் காக்க வைக்கத் தயங்கி ஆறவைக்கவில்லை. அவர் என்னை மறுத்துப் பேசத் தயங்கி சுழியைச் சொல்லவில்லை. இரண்டு பேருடைய மரியாதையும் சேர்ந்து ஒரு தொட்டிச் சோப்பைக் குடித்துவிட்டது. வாசலில் நிழல் தட்டியது. திரும்பினால் முதலாளியம்மாவும் பயிற்சியாளரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாக்கிங் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பயிற்சியாளர் கையை உயர்த்தி முன்னால் வந்தார். "அமைதி, அமைதி. முதல்ல ஒருத்தருக்கு ஒருத்தர் சரின்னு..."

"கொஞ்சம் சும்மா இருங்க சார்," என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். முதலாளியம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் இதற்கு மேல் போவதற்கும் ஒன்றும் இல்லை என்று ஆனபோது, வாயைக் கட்டியிருந்த கயிறு அறுந்துபோனது.

"உப்பை வெளிய எடுக்க முடியாது. உப்பில்லாத கரைசலைச் சேர்த்தா அளவு இறங்கும். சோப்பு திரும்ப மேட்டு மேல ஏறும். அடுத்த லோடுக்கு வெச்சிருக்கிற டிரம்மை எல்லாம் எடுங்க," என்றேன்.

"தொட்டி கழுத்து வரைக்கும் நிக்குது. தலையில ஊத்திக்கிறதா?"

"பாதியை மூலையில சும்மா கிடக்கிற பழைய தொட்டிக்கு மாத்துங்க."

"பழைய தொட்டியோட கலக்கிக்கு வேகம் குறைக்கத் தெரியாது மேடம். மேலிருந்து ஊத்தினா காத்தை அடிச்சு உள்ள தள்ளும். நுரை அடங்கறதுக்குள்ள லாரிக்காரன் வேடிக்கை பார்த்துட்டுப் போயிடுவான்."

"மேலிருந்து ஊத்தினாத்தானே? கீழேயிருந்து ஏத்துங்க," என்று எரிச்சலில் கத்தினேன். யோசித்துச் சொல்லவில்லை, அவரை மடக்க வேண்டும் என்று சொன்னதுதான்.

பீரங்கி பழைய தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "கீழேயிருந்தா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு படியில் தடதடவென்று இறங்கி, பழைய தொட்டிக்கு அடியில் போய்க் குனிந்து பார்த்தார். "வடிகால் குழாயில பம்ப்பை மாட்டி மேல தள்ளலாம். காத்தே போகாது. ஏம்மா, இதை இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க இத்தனை வருஷமா என்னை இவ்வளவு கோபப்படுத்தல, அண்ணே."

அவர் உடனே பம்ப்பை மாட்டச் சொல்லிக் குரல் கொடுத்தார். நான் வழியை மறித்தேன். பீக்கரில் அளவு பார்க்காமல் ஒரு சொட்டுக் கூடத் தொட்டிக்குள் போகாது என்றேன். நேரமில்லை என்றார். நேரமில்லை என்று சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம் என்றேன். "சரி, பாருங்க. ஆனா இந்தத் தடவை நல்லா ஆற வெச்சுப் பாருங்க," என்று கத்திவிட்டு என் பின்னாலேயே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

பீக்கர்களை வரிசையாக வைத்தேன். பாதிக்குப் பாதி உப்பில்லாக் கரைசலைக் கலந்தேன், அது உப்பு குறைந்துபோய், மேட்டின் ஏறுகிற பக்கத்துக்கே திரும்பி நீர்த்து நின்றது. அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். பீரங்கி ஒவ்வொரு பீக்கரையும் வாங்கிக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்து, தன் பெரிய கைகளால் சுற்றிச் சுற்றி ஆறவைத்தார். "ம்ஹூம், நீர்ப்பு." "பொறுங்கண்ணே." "இதுவும் நீர்ப்பு." "பொறுங்கன்னு சொல்றேன்ல." அடுத்ததைச் சுற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கலங்கல் போய்ப் பளிச்சென்று தெளிந்திருந்தது. சாய்த்தார். சோப்பு அசையாமல் யோசித்து, பிறகு மெல்ல நூலாக இறங்கியது. அறுபடவே இல்லை. இருவரும் பீக்கரை மாற்றி மாற்றிச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் நடந்ததை வேலை என்று சொல்வதைவிடத் திருவிழா என்று சொல்லலாம். டிரம்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பாக்கிங் பெண்கள் கேட்காமலேயே குழாயைத் தூக்கிப் பிடித்தார்கள். பம்ப் உறுமியது. நான் ஆய்வுக்கூடத்து வாசலிலிருந்து அளவைக் கத்தினேன், அவர் தொட்டியின் மேலிருந்து சுழியைக் கத்தினார். வேகமா தள்ளாதீங்க என்று நானும், எனக்குத் தெரியும் என்று அவரும் மாறி மாறிக் கத்தியதில் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்திருப்பார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதமாக இறுக்கிக் கட்டி வைத்திருந்த என் நுரையீரல் முழுக்கக் காற்று வந்தது.

கடைசி மாதிரியை நன்றாக ஆறவைத்துக் கருவியில் வைத்தேன். எண் நிலைத்து நின்றதும் ஓடிவந்து வாசலில் நின்று கூவினேன். நான் கூவிய அதே நொடியில் தொட்டிக்கு மேலிருந்து, "மூடிருச்சு, சுழி மூடிருச்சு," என்று பீரங்கி முழங்கியது. பெண்கள் கைதட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். தண்டு மறைந்து, சோப்பு தன் மேலேயே மடிந்து மடிந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலாளியம்மா எழுந்து வந்தார். ஒரு பாட்டிலில் நிரப்பச் சொல்லி, தானே தலையை அழுத்தினார். சோப்பு அவர் உள்ளங்கையில் சின்ன மேடாக உட்கார்ந்தது. கையைச் சாய்த்துப் பார்த்தார், வழியவில்லை. அப்படியே கையை நீட்டி எல்லோருக்கும் காட்டினார்.

பயிற்சியாளரை ஒன்றும் சொல்வதற்கில்லை, அவர் தன் வேலையைச் செய்தார். "முடிவு பிரமாதம், ஒத்துக்கறேன். ஆனா இவ்வளவு சத்தம் ஒரு நல்ல இடத்துக்கு அழகில்ல. ஒருத்தரை மாத்தறதுதான் நல்லதுன்னு இப்பவும் சொல்வேன்," என்றார். முதலாளியம்மா என்னைப் பார்த்தார். சந்தோஷம் எல்லாம் எனக்கு அப்படியே நெஞ்சில் நின்றுபோனது.

பீரங்கி தொட்டிப் படியிலிருந்து இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினார்.

"அம்மா, இவங்களை மாத்தறதா இருந்தா என்னையும் சேர்த்து மாத்திடுங்க. நான் சொல்றது தப்புன்னு நேரா சொல்ல ஆள் இல்லாத இடத்துல என்னால தொட்டி ஓட்ட முடியாது. ஓட்டினா என்ன ஆகும்னு காலையில பார்த்தாச்சு. எனக்கு இவங்க வேணும்."

"லேபு இங்கதான் இருக்கும். ரெண்டு பேரும் இங்கதான் இருப்பீங்க," என்றார் முதலாளியம்மா. பீரங்கி என் பக்கம் திரும்பி, என்ன சொல்றீங்க என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

நான் வாயைத் திறந்தேன். அந்த மனிதருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கூட வராமல் போனது அன்றைக்குத்தான்.